எந்தத் தெற்கு?

பேத்தியின் நோட்டில் சிவப்பு மையால் மூன்று இடத்தில் சுழித்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரை, தலைப்பு 'என் ஊர்'. நெய்வேலிக்குச் சின்ன எழுத்துப் போட்டிருந்தாள். அது தப்புதான், அதில் பேச ஒன்றுமில்லை. மற்ற இரண்டு சுழிப்பும் 'சவுத்' என்ற சொல்லின் மேல். 'எங்கள் வீடு தெற்குப் பார்த்த வீடு' என்ற வரியில் பெரிய எஸ் போட்டிருந்தாள். 'என் கொள்ளுத்தாத்தா தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்' என்ற வரியில் சின்ன எஸ். இரண்டும் தப்பு. ஏன் தப்பு என்று பக்கத்தில் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.

"தாத்தா, ஒண்ணுக்குப் பெருசு போட்டாலும் தப்பு, இன்னொண்ணுக்குச் சிறுசு போட்டாலும் தப்புன்னா நான் என்னதான் போடறது?"

"எந்தத் தெற்கும்மா?" என்று கேட்டேன்.

"தெற்குல என்ன எந்தத் தெற்கு? தெற்கு ஒண்ணுதானே தாத்தா?"

அவள் கேட்டது நியாயம். ஆளின் பெயருக்கும் ஊரின் பெயருக்கும் பெரிய எழுத்து, மற்றதற்குச் சின்ன எழுத்து என்று பள்ளியில் ஒரே வரியில் சொல்லித் தருகிறார்கள். விதி சரிதான். ஆனால் ஒரு திசை எப்போது பெயராகிறது என்று சொல்லித் தராவிட்டால், அந்த விதியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? அலுவலகத்தில் நாற்பது வருஷம் ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்டியவன் நான். எனக்கே இது ரொம்ப நாள் பிடிபடவில்லை. கடைசியில் அதைச் சொல்லிக்கொடுத்தது எந்த இலக்கணப் புத்தகமும் இல்லை, எங்கள் ஊர்ப் பெயர்கள்தான்.

பரணிலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். பச்சைப் பெயின்ட் பல இடங்களில் உதிர்ந்து தகரம் தெரிகிறது. மூடியில் உள்ள வெள்ளை எழுத்து மட்டும் இன்னும் படிக்க வருகிறது. முதல் வரியில் அப்பாவின் பெயர். அடுத்த வரியில் நெய்வேலி. மூன்றாவது வரியில் புள்ளி வைத்து எஸ், ஏ, அதன் பின்னால் டி.டி. சவுத் ஆற்காட் டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம். தமிழில் எழுதினால் தெ.ஆ.மா. தபால் அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எங்கள் தலைமுறை அந்த மூன்று எழுத்தை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருக்கும்! அப்பா 1961இல் வேலைக்கு வந்தவர். அந்த வருஷம் ஆகஸ்டு மாதம்தான், நேரு 1957 மே மாதம் தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கத்தில் முதன்முதலாக நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. ஊரே மண்ணும் புழுதியுமாக இருந்த நாளில் வாங்கிய பெட்டி இது.

பெட்டிக்குப் பெயர் எழுதியவர் எல்லா எழுத்தையும் பெரிதாகவே எழுதியிருக்கிறார். பெயின்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ரயில் நிலையப் பலகையிலும் அப்படித்தான். எழுத்தின் வரலாற்றில் பெரிய எழுத்துதான் மூத்தது. ரோமானியர் கல்லில் செதுக்கியதெல்லாம் அதுவே. தோல் ஏடுகளில் இறகால் படியெடுத்த துறவிகளின் கைவேகத்தில் சின்ன எழுத்து உருவாகி, 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சார்லமேனின் ஆட்சியில் ஒழுங்குபட்டது. இரண்டும் ஒரே வரியில் சேர்ந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது அதற்கும் பின்னால். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் மேசைக்கும் மாட்டுக்கும்கூடப் பெரிய எழுத்துப் போடுகிற வழக்கம் பரவலாக இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் உண்டு. எது பெயர், எது பெயரில்லை என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பை ஆங்கிலம் மெதுவாகத்தான் தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

"இந்த எஸ் என்ன தெரியுதா?"

"சவுத்."

"எதுக்குத் தெற்கு?"

"ஆற்காட்டுக்கு."

"ஆற்காடு எங்க இருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. என் வயதுக்காரர்களிலேயே பலர் அதை யோசித்துப் பார்த்ததில்லை. தென்னாற்காடு மாவட்டத்தில் ஆற்காடு இல்லை. அது பாலாற்றங்கரையில், வேலூருக்குக் கிழக்கே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் பாதிப் பகல் போய்விடும். கர்நாடக நவாபுகளின் தலைநகராக இருந்த ஊர். 1801இல் நவாபின் நாடு முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தபோது, ஆற்காட்டின் வடக்குப் பகுதி, தெற்குப் பகுதி என்று இரண்டாக வகுத்து ஆளுக்கொரு கலெக்டரைப் போட்டார்கள். அன்றைக்கு அது வெறும் அடையாளம். ஆற்காட்டில் நின்றுகொண்டு தெற்கே கை நீட்டி 'அந்தப் பக்கம் உள்ளதெல்லாம்' என்று சொன்ன மாதிரி. கடலூரும் சிதம்பரமும் விருத்தாசலமும் விழுப்புரமும் அந்தக் கைநீட்டலுக்குள் அடங்கின. நாள்பட நாள்பட, கை நீட்டியவரும் போனார், நவாபும் போனார். நீட்டிய திசை மட்டும் எங்கள் மேல் பெயராக ஒட்டிக்கொண்டது. பெட்டியில் எழுதும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

"அந்த சவுத்தை எடுத்துட்டுப் படி."

"ஆற்காட் டிஸ்ட்ரிக்ட்."

"கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுக்காரரா?"

"இல்ல."

"அப்ப அந்தத் தெற்கு இல்லாம பேரே இல்ல. பெரிய எஸ். நம்ம வீடு எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"தெற்கு."

"அந்தத் தெற்கு யாருக்குச் சொந்தம்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எல்லாருக்கும்" என்றாள்.

இதற்கு மேல் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அலுவலகத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். 'தென்னாற்காடு தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஒன்று.' கேட்டதும் முரணாக இருக்கும். ஆனால் உண்மை. செய்தித்தாளில் வட மாவட்டங்கள் என்று எழுதினால் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரத்தோடு கடலூரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். தென் மாவட்டங்கள் என்றால் மதுரையும் அதற்குக் கீழேயும். ஒரே ஊர், பெயரில் தெற்கு, இருப்பில் வடக்கு. இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினால் தெற்குக்குப் பெரிய எஸ், வடக்குக்குச் சின்ன என். தெற்கு இங்கே பெயர். அது எங்கே நின்று பார்த்தாலும் மாறாது. வடக்கு, தமிழ்நாட்டுப் படத்தை விரித்து வைத்துப் பார்க்கும்போது தெரிகிற இடம். இந்தியப் படத்தை விரித்தால் அதே ஊர் தெற்கே போய்விடும்.

கையேடுகளில் இதற்குச் சில துணை விதிகள் உண்டு. திசையோடு 'அர்ன்' என்ற வால் சேர்ந்தால் பெரும்பாலும் சின்ன எழுத்து என்பார்கள். தமிழ்நாட்டின் தென்பகுதி என்பதற்குச் சின்ன எஸ். ஆனால் 1951இல் உருவான சதர்ன் ரயில்வேக்குப் பெரிய எஸ். வால் இருந்தாலும் அது ஒரு நிறுவனத்தின் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அப்படியே. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பலகை வைத்த சாலைக்குப் பெரிய எழுத்து, கிழக்குக் கடற்கரையில் போகிற ஏதோ ஒரு சாலைக்குச் சின்னது. வாலைப் பார்க்காதீர்கள், பெயரா என்று பாருங்கள். மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தமிழில் பெரிய எழுத்து இல்லை. அதனால் இந்தச் சிக்கலும் நமக்கு இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சிக்கல் நமக்கும் இருந்தது, அதை எழுத்தின் அளவில் தீர்க்காமல் சொல்லின் உடம்பிலேயே தீர்த்துக்கொண்டோம். தெற்கு தனியே நின்றால் திசை. ஓர் ஊரோடு சேரும்போது அது தன் உடம்பைக் குறைத்துக்கொள்கிறது. தென்காசி, வடபழனி, மேல்பட்டாம்பாக்கம். இப்படித் திசைச் சொற்கள் சேரும்போது என்ன நடக்கும் என்று சொல்லவே பவணந்தியார் நன்னூலில் தனியாக ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். கடைசியில் உள்ள 'கு' கழலும், 'க்' உதிரும், 'ற்' என்பது 'ன்' ஆகவோ 'ல்' ஆகவோ திரியும். வடக்கு 'வட' ஆகிறது, தெற்கு 'தென்' ஆகிறது, மேற்கு 'மேல்' ஆகிறது. புதுவீட்டுக்குப் போகிற பெண் பிறந்தவீட்டுப் பழக்கத்தில் ஒன்றிரண்டை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவதுபோல.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட நடந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். ஓய்வு பெற்ற பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, என்னைப் போன்ற பலரையும்போல ஆர்ச் கேட்டுக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டேன். நாங்கள் இந்திரா நகர் என்போம். ஊராட்சியின் பெயர் வடக்குத்து. கொஞ்ச தூரத்தில் தென்குத்து. இரண்டு பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் வடக்கு சுருங்கி நிற்கிறது, மற்றதில் தெற்கின் 'ற்' 'ன்' ஆகியிருக்கிறது. நன்னூல் சூத்திரத்துக்கு உதாரணமாக இரண்டு ஊர் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லாக எழுதுகிறோம், முதல் எழுத்து மட்டும் பெரியது. அங்கே திசை ஊருக்குள் முழுக்கக் கரைந்துவிட்டது. எங்கள் பக்கம் வடக்குமேலூர் என்று ஓர் ஊர். வடக்கும் உண்டு, மேலும் உண்டு, ஆனால் யாரும் அதை வடமேற்கு என்று புரிந்துகொள்வதில்லை. பெயராகிவிட்ட திசையைத் திசைகாட்டியால் அளக்க முடியாது.

தமிழின் வழி ஆங்கிலத்தின் வழிக்கு முழுக்கச் சமம் என்று சொல்ல மாட்டேன். வடகிழக்கு, தென்மேற்கு என்று வெறும் திசைகள் சேரும்போதும் சொல் சுருங்கத்தான் செய்கிறது, அங்கே பெயர் எதுவும் பிறப்பதில்லை. இன்னொன்று, புதிய பெயர்களில் நாம் சுருக்குவதையே விட்டுவிட்டோம். மேற்கு மாம்பலம், கிழக்கு தாம்பரம் என்று திசை முழு உடம்போடு, இடைவெளி விட்டு நிற்கிறது. வெஸ்ட் மாம்பலத்தைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. மேல்மாம்பலம் என்று இன்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மேல்மருவத்தூருக்கு யாரும் சிரிப்பதில்லை. தென்னக ரயில்வே என்று கேட்டு வளர்ந்த என் காதுக்கு, தெற்கு ரயில்வே என்பது இன்னும் பெயராக ஒட்டவில்லை, ரயில் போகிற பக்கத்தைச் சொல்வதுபோலவே இருக்கிறது. ஒட்டி எழுதுவதா, விட்டு எழுதுவதா என்று அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர்கள் தலையைச் சொறிவது வெறும் சந்திப் பிரச்சினை இல்லை. இது பெயரா, திசையா என்ற அதே கேள்விதான்.

மேல், கீழ் என்ற இரண்டு சொல்லையும் இங்கே தனியே சொல்ல வேண்டும். நம் நிலம் மலையில் தொடங்கிக் கடலில் முடிகிறது. மேற்கே உயரம், கிழக்கே பள்ளம். தண்ணீர் ஓடுகிற திசைதான் கிழக்கு. அதனால் மேற்கும் மேலும் ஒரே சொல்லாயின, கிழக்கும் கீழும் ஒரே சொல்லாயின. இந்த மண்ணின் சாய்வே மொழிக்குள் இறங்கியிருக்கிறது. இது தெரியாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர்கள் மேல் என்பதை உயரம் என்றும் கீழ் என்பதைத் தாழ்வு என்றும் எழுதிவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஊரில் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று பொருள் வந்துவிடுகிறது. ஊர்ப் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

வடலூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1867இல் வள்ளலார் அங்கே தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார், அது இன்றுவரை அணையவில்லை. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபை. அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் உத்தர ஞான சிதம்பரம். உத்தரம் என்றால் வடக்கு. பிற்பட்டது என்றும் பொருள் உண்டு. வடலூர் சிதம்பரத்துக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆனால் வழி சொல்வதற்காகவா அவர் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்? தில்லை தெற்கே இருக்கட்டும், இது இன்னொரு சிதம்பரம், சாதி பேதமில்லாமல் எல்லாரும் வரும் சிதம்பரம் என்று ஒரு புதிய இடத்தை நிறுத்துவதற்குத்தான் அந்தத் திசை அவருக்குத் தேவைப்பட்டது என்று நான் நம்புகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த உத்தரத்துக்குச் சின்ன எழுத்துப் போட்டால் அந்த எண்ணமே சரிந்துவிடும்.

வெளியுலகத்திலும் இதே கதைதான். எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத ஊர் குறைவு. அந்த நாடுகளை மத்திய கிழக்கு என்று எழுதுகிறோம். கடலூர்க் கரையில் நின்று பார்த்தால் அவை மேற்கே இருக்கின்றன. லண்டனில் நின்றவர் வைத்த கிழக்கு அது. பெரிய எழுத்தோடு பெயராகிவிட்டதால் நாமும் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்திய அரசு மேற்கு ஆசியா என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது. மேற்கு வங்கமோ இந்தியாவின் கிழக்கில் இருக்கிறது. அதன் மறுபாதியான கிழக்கு வங்கம், கிழக்குப் பாகிஸ்தானாகி, 1971இல் வங்கதேசம் ஆனது. மேற்கு மட்டும் இணையில்லாமல் நிற்கிறது. மாநிலத்தின் பெயரைப் பங்ளா என்று மாற்றச் சொல்லி 2018இல் அங்கே சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

இலங்கையில் இது உயிர்ப் பிரச்சினை. 1987 ஜூலை 29ஆம் தேதி இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி அடுத்த ஆண்டு வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் இணைக்கப்பட்டன. ஆங்கிலத்தில் நார்த் ஈஸ்ட் என்ற இரண்டு பெரிய எழுத்தும் நடுவில் ஒரு சிறு கோடுமாக ஒரு மாகாணம் பிறந்தது. 2006 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. 2007 பிறந்தபோது மாகாணங்கள் மறுபடி இரண்டு. ஆனால் ஈழத்தமிழர் பேச்சிலும் எழுத்திலும் வடக்கு கிழக்கு என்பது இன்றும் ஒரே மூச்சில் வருகிறது. பெரும்பாலும் அவர்கள் வடகிழக்கு என்று சுருக்குவதில்லை. வடகிழக்கு என்றால் வெறும் மூலை. வடக்கு கிழக்கு என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கும் அப்பால்வரை வாழ்கிற சனங்களின் நிலம். இலக்கணம் சுருக்கச் சொல்கிற இடத்தில் அவர்கள் சுருக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் உயரம் செய்கிற வேலையை அங்கே இரண்டு சொல்லுக்கு நடுவில் உள்ள ஓர் இடைவெளி செய்கிறது.

மறுபடி நெய்வேலிக்கு வருகிறேன். நகரியத்துக்குள் திசை சொல்லி வழி கேட்பவர்கள் குறைவு. வட்டம் சொல்வார்கள். பதினாறாம் வட்டம், இருபத்தெட்டாம் வட்டம். பிளாக் என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழ். மற்ற ஊர்களில் வட்டம் என்றால் தாலுகா, இங்கே பத்துத் தெரு. அந்த பிளாக்குக்கும் முகவரியில் பெரிய எழுத்துதான், எண்ணோடு சேர்ந்து அது பெயராகிவிடுகிறது. டவுன்ஷிப்பும் அப்படி. மக்கள்தொகைக் கணக்கில் நெய்வேலி டவுன்ஷிப் என்று ஊரின் பெயராகவே இருக்கிறது, அங்கே பெரிய டி. எங்கள் டவுன்ஷிப்பில் மரம் அதிகம் என்று எழுதும்போது சின்ன டி. மைன் ஒன்று, மைன் இரண்டு என்றால் பெரிய எம். சுரங்கத்தில் வேலை என்றால் சின்னது. லிக்னைட் என்ற சொல்லும் இதே பாடத்தைத்தான் படிக்கிறது. பூமிக்கடியில் படிந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரிக்குச் சின்ன எல். 1956இல் பதிவான கார்ப்பரேஷனின் பெயரில் அதுவே பெரிய எல். 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியபோது லிக்னைட் முழுச் சொல்லாக இருந்த இடத்தில் அதன் முதலெழுத்து மட்டும் மிஞ்சியது. நெய்வேலியும் அப்படியே, ஒரே ஒரு என். ஓர் ஊரின் பெயர் இவ்வளவுதூரம் சுருங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு.

தென்னாற்காடு போனபோதும் அப்படித்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30ஆம் தேதி மாவட்டம் இரண்டானது. விழுப்புரம் பக்கம் ராமசாமி படையாட்சியார் பெயரில் தனி மாவட்டம். எங்களுடையது தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது வள்ளலாரோடு தென்னாற்காடும் சேர்ந்து போனது, கடலூர் மாவட்டம் என்று ஆனது. புது ரப்பர் ஸ்டாம்ப் வந்து சேரும்வரை பழைய முத்திரையையே குத்தி, மாவட்டப் பெயரின் மேல் பேனாவால் கோடு இழுத்து, பக்கத்தில் கடலூர் என்று எழுதுவோம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது காகிதம். முதல் வாரம் கோடு இழுக்கும்போதெல்லாம் அப்பாவின் பெட்டி கண்ணுக்கு முன்னால் வரும். நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் நாம் யாரோ ஒருவருடைய தெற்காக இருந்தோம், இப்போது நம் ஊரின் பெயரிலேயே மாவட்டம் என்று. ஆனால் சந்தோஷம் வரவில்லை. யார் வைத்திருந்தால் என்ன, மூன்று தலைமுறை அதை எழுதி எழுதித் தன்னுடையதாக்கிக்கொண்டது. திசை பெயராவது கம்பெனியின் ஆணையால் தொடங்கியிருக்கலாம். அதைப் பெயராக முடித்துவைத்தவர்கள், தபால் அட்டையில் தெ.ஆ.மா. என்று எழுதிய எங்கள் அம்மாக்களும் அப்பாக்களும்.

2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அப்போது நடந்த பேச்செல்லாம் எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதைப் பற்றியே இருந்தது. அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் மேல், கீழ், வட, தென் என்று தொடங்குகிற ஊர்களை ஆங்கிலத்தில் ஒட்டி எழுதுவதா, விட்டு எழுதுவதா, எங்கே பெரிய எழுத்து என்று ஒரு முடிவு எடுத்தால் நல்லது. இன்று பத்திரம் ஒரு மாதிரி, ரேஷன் அட்டை ஒரு மாதிரி, பலகை ஒரு மாதிரி இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி இல்லாவிட்டால் நிலத்துக்காரர்தான் அலைய வேண்டியிருக்கிறது.

2023 ஜூலை கடைசி வாரத்தில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண் வெட்டும் எந்திரங்கள் இறங்கின. சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை. பச்சைப் பயிர் புரண்டு விழுவதை டிவியில் பார்த்தோம். எந்த நிலக்கரியால் என் வீட்டில் சோறு வெந்ததோ, அதற்காகத்தான் அந்தப் பயிர் புரண்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே மேல்வளையமாதேவி, கீழ்வளையமாதேவி என்று இரண்டு ஊர். மறுநாள் காலை செய்திகளைத் தேடிப் படித்தபோது அந்தப் பெயர் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஓரிடத்தில் ஒரே சொல், ஓரிடத்தில் இரண்டு சொல், ஓரிடத்தில் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் வெறும் வளையமாதேவி.

பேத்திக்கு இந்த இரண்டு பெயரையும் எழுதிக் காட்டினேன். எடுத்துப் பார்க்கும் சோதனையை அவளே செய்தாள். மேலை எடுத்தால் எந்த வளையமாதேவி என்று தெரியாது, கீழை எடுத்தாலும் தெரியாது. பெரிய எழுத்து என்றாள். கட்டுரையைத் திருத்தி எழுதியபோது தெற்குப் பார்த்த வீட்டுக்குச் சின்ன எஸ் போட்டு, கொள்ளுத்தாத்தாவின் மாவட்டத்துக்குப் பெரிய எஸ் போட்டாள்.

ஆங்கிலம் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கும், எங்கள் பக்கத்துச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சிவப்பு மையால் சுழிக்கும் முன் எந்தத் தெற்கு என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். மேல்வளையமாதேவியையும் கீழ்வளையமாதேவியையும் எழுத நேர்ந்தால் மேலையும் கீழையும் விட்டுவிடாதீர்கள், மொழிபெயர்க்காதீர்கள், பிரித்து எழுதினால் அவற்றுக்கும் பெரிய எழுத்தே போடுங்கள். அந்த ஊர்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.